கொலையாளி யாரென்று ஊருக்கே தெரியும்: ஒரு படிப்பக நாடகத்தின் நிகழ்வு ஆய்வு

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஓர் ஊரின் படிப்பகம், ஆண்டுவிழாவுக்கு வருஷம் தவறாமல் நாடகம் போடும். குமரி மாவட்டத்தில் இது ஒன்றும் அபூர்வம் இல்லை. வாசகசாலை, இளைஞர் மன்றம், பங்குத் திருவிழா, ஓண விளையாட்டுப் போட்டி என்று எது நடந்தாலும் ஏதாவது ஓர் இரவில் நாடகம் இருக்கும். நடிப்பவர்கள் ஊர்க்காரர்கள், பார்ப்பவர்களும் ஊர்க்காரர்கள். கதையும் பெரும்பாலும் ஒரே கதைதான்: குடிக்கிற அப்பா, படிக்கிற மகள், நடுவில் இரண்டு காமெடி சீன், கடைசியில் அப்பா பாட்டிலை உடைப்பார்.

இந்தத் தடவை இயக்கும் பொறுப்பை ஏற்ற பள்ளி ஆசிரியை, உளவியல் குற்ற த்ரில்லர் போடலாம் என்றார். கமிட்டியில் ஒருவர், "சைக்கோ படம் மாதிரியா டீச்சர்? ரெத்தம் எல்லாம் வருமா?" என்று கேட்டார். ரத்தம் வராது, ஒரு பல்பு மங்கும், அவ்வளவுதான் என்று அவர் சொன்னதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விளக்கும் மேடைச் சாமான்களும் என் பொறுப்பு. அந்த இடத்தில் நின்று பார்த்ததை வைத்துத்தான் இந்த ஆய்வு. த்ரில்லர் என்றாலே ரகசியம் என்று நினைக்கிறோம். ஒரு ரகசியமும் ஒரு வாரத்துக்கு மேல் தங்காத ஊரில் அது எப்படி நிற்கும் என்பதுதான் இங்கே கேள்வி.

கதை

மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு. கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து அப்பாவைக் கவனித்துக்கொண்ட அக்கா. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பிய தம்பி. தம்பியின் மனைவி. அடுத்த வீட்டில் கிராம சுகாதாரச் செவிலியர். முக்கியப் பாத்திரங்கள் இந்த நான்கு பேர்தான். போன மழைக்காலத்தில் அப்பா தோட்டத்தின் கீழ்க்கோடியில் இருக்கும் பழைய கிணற்றில் தவறி விழுந்து இறந்தார் என்று ஊர் நம்புகிறது. தம்பிக்குப் பாகப் பத்திரத்தில் அக்காவின் கையெழுத்து வேண்டும். அக்கா போடவில்லை.

வீட்டில் சில காரியங்கள் நடக்க ஆரம்பிக்கின்றன. ஆணியில் மாட்டிய சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது. எண்ணி வைத்த மாத்திரை குறைகிறது. இரவில் அக்கா தனியாக இருக்கும்போது பல்பு மங்குகிறது, ஃபேன் தளர்கிறது, கொஞ்ச நேரத்தில் சரியாகிறது. "எனக்கு ஒண்ணும் தெரியலியே அக்கா" என்கிறான் தம்பி. அடுத்த வீட்டுச் செவிலியரும், தன் வீட்டில் பல்பு நன்றாகத்தான் எரிந்தது என்கிறார். அக்கா தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பிக்கிறாள்.

நடந்தது இது. அப்பாவைத் தள்ளிய இரவில் தம்பியின் கைச்செயின் அறுந்து கிணற்றில் விழுந்துவிட்டது. வெயில் ஏறினால் கிணற்றில் தண்ணீர் வற்றும், செயின் வெளியே தெரியும். அதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று இரவில் ரகசியமாக மோட்டார் போட்டுக் கிணற்றை இறைக்கிறான். தண்ணீருக்குள் கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்குச் சத்தம் கிடையாது. ஆனால் அது இந்த வீட்டின் சர்வீஸ் வயரிலிருந்துதான் கரண்டு எடுக்கிறது. கம்பத்திலிருந்து வரும் நீளமான, மெல்லிய வயரில் மோட்டாரின் பளு ஏறும்போது வோல்டேஜ் இறங்கும். இறங்குவது இந்த ஒரு வீட்டில் மட்டும். அடுத்த வீட்டில் மங்கவில்லை என்று செவிலியர் சொன்னது முதலில் அக்காவுக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது. பிறகு அதே வாக்கியம்தான் தம்பியைப் பிடித்துக் கொடுக்கிறது.

விளக்கு மங்கும் இந்த உத்திக்கு மூத்தது ஒன்று உண்டு. பேட்ரிக் ஹாமில்டன் எழுதி 1938இல் இங்கிலாந்தில் மேடையேறிய 'காஸ் லைட்'. மேல்மாடியில் கணவன் ரகசியமாக காஸ் விளக்கு ஏற்றும்போது கீழே மனைவியின் அறையில் வெளிச்சம் குறையும். முதலில் அதையே தமிழாக்கலாமா என்ற பேச்சு இருந்தது. உரிமைச் சிக்கல் இல்லை. நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். ஹாமில்டன் 1962இல் இறந்தார், ஆக 2022 முடிவோடு இந்தியாவில் உரிமை தீர்ந்தது. ஆனால் காஸ் விளக்கை ஊரில் யாருக்கு விளக்குவது? மோட்டார் போட்டால் பல்பு மங்கும் என்பதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு கதையைப் புதிதாக எழுதினார்கள். என் அபிப்பிராயத்தில் மொத்த முயற்சியிலும் சரியாக எடுத்த முதல் முடிவு இதுதான்.

ரகசியம் உடைந்த விதம்

முதல் பிரதியில் தம்பிதான் குற்றவாளி என்பது கடைசி சீன் வரை தெரியாது. செவிலியர் மேல், தம்பி மனைவி மேல் என்று சந்தேகத்தைத் திருப்பித் திருப்பி விட்டிருந்தார்கள். தாளில் நன்றாகவே இருந்தது.

ஒத்திகை படிப்பகத்துக்குள்ளேதான். ஒற்றை அறை, மூன்று பக்கமும் ஜன்னல். ஜன்னல் கம்பியில் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு நின்றார்கள். துரத்தினால் போவார்கள், திரும்பி வருவார்கள். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரும் குழுவில் இருந்தார். மேடைக்குப் பின்னால் அவருக்கு வேலை. விடியுமுன் தோட்டத்தில் நிற்க வேண்டியவர், ஆகவே ஒத்திகை சாயங்காலமே நடந்தாக வேண்டும். சாயங்காலம் என்றால் பிள்ளைகளும் உண்டு. கொஞ்ச நாளில் டீக்கடையில் தம்பி வேஷக்காரரைப் பார்த்து, "வாலே கொலகாரா, செயினு கெடச்சுதா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

குழுவில் பாதிப் பேருக்கு மனசு விட்டுப்போயிற்று. ஜன்னலை அடைப்போம், கடைசி சீனை மாற்றுவோம், கொலையாளியைச் செவிலியராக ஆக்கிவிடுவோம் என்று ஆளுக்கொரு யோசனை. கடைசியில் சொன்ன யோசனை கிட்டத்தட்ட நிறைவேறிவிட்டது. அப்படி ஆகியிருந்தால் நாடகம் அன்றே செத்திருக்கும். மூன்று சீன் முழுக்க தம்பியின் கண்ணிலும் கையிலும் கட்டி வைத்த குற்றத்தைத் தூக்கி, சம்பந்தமில்லாத ஒருத்தியின் தலையில் வைத்தால் பார்ப்பவன் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பான்.

குழுவுக்கு உடுக்கை வாசிக்க வந்திருந்த வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவர்தான் வழி காட்டினார். வயதானவர், அதிகம் பேசமாட்டார். "நீலி கதை யாருக்குத் தெரியாது? தெரிஞ்சுதானே விடிய விடிய இருக்காவ" என்றார்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பார்வதிபுரத்தை ஒட்டிய கள்ளியங்காட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் நீலி கதை, நகைக்காகக் கொல்லப்பட்ட ஒருத்தி மறுபிறவி எடுத்துக் கொன்றவனைப் பழிவாங்கும் கதை. கோயில் கொடையில் வில் அடித்து இதைப் பாடும்போது கேட்பவர்களில் ஒருவருக்காவது முடிவு தெரியாமல் இருக்குமா? தென்மாவட்ட வில்லுப்பாட்டுக் கதைகளில் பெரும் பகுதி இப்படிப்பட்டவைதான். அநியாயமாக வெட்டுப்பட்டவர்கள், வஞ்சித்துக் கொல்லப்பட்டவர்கள், பிறகு தெய்வமானவர்கள். புலவர் ஒரு வரி சொல்ல, பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போட, கொலை நடக்கப்போகும் இடத்துக்குக் கதை நெருங்க நெருங்கக் கூட்டம் இறுகும். அந்தக் கட்டத்தில்தான் உடுக்கை வேகம் பிடிக்கும், சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். முடிவு தெரிந்திருப்பது எந்த விதத்திலும் குறையாகத் தெரிவதில்லை. அவன் கையில் கத்தி இருக்கிறது என்று கேட்கிறவளுக்குத் தெரியும், கதைக்குள் இருப்பவளுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் மொத்தப் பதற்றமும் இருக்கிறது.

ஆசிரியை பிரதியைத் திருப்பிப் போட்டார். இரண்டாவது சீனிலேயே தம்பி மேடை ஓரத்தில் சுவிட்சைப் போடுவது கூட்டத்துக்குத் தெரியும்படி வைத்தார். கொலையாளி யார் என்ற கேள்வி போயிற்று. அக்கா எப்போது கண்டுபிடிப்பாள், அதற்குமுன் கையெழுத்துப் போட்டுவிடுவாளா என்ற கேள்வி அந்த இடத்துக்கு வந்தது. ஊருக்கே தெரிந்துபோன ரகசியம் அதன்பிறகு யாருக்கும் தொந்தரவாக இல்லை.

யார் நடிப்பது

தம்பியாக நடித்தவர் ஆட்டோ ஓட்டுகிறவர். முந்தைய நாடகங்களில் எல்லாம் அவர்தான் காமெடி. மேடைக்கு வந்து நின்றாலே சிரிப்பார்கள். இவரைப் போய்க் கொலைகாரனாகப் போடலாமா என்று கமிட்டியில் பெரிய விவாதம். நாஞ்சில் நாட்டுக்கு இதில் ஒரு விசித்திரமான முன்கதையும் உண்டு. ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியில் வளர்ந்து, தமிழ்நாட்டையே சிரிக்கவைத்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதாகி, 1947இல் குற்றமற்றவர் என்று விடுதலையானார். சிரிக்கவைப்பவன் மேல் கொலைப்பழி என்பதே கேட்பவனைக் கலங்கடிக்கும். அது நிஜம், இது வேஷம் என்றாலும், மேடையில் அந்தக் கலக்கம் உபயோகப்படும்.

உபயோகப்பட்டது. முதல் சீனில் அவருக்கு வழக்கமான காமெடியையே கொடுத்தார்கள். வளைகுடா அரபி முதலாளியைப் போல நடந்து காட்டுவார், அக்காவைக் கிண்டல் பண்ணுவார். கூட்டம் விழுந்து சிரித்தது. இரண்டாவது சீனில் அதே கிண்டல், அதே குரல், கையில் மட்டும் அக்காவின் மாத்திரை டப்பா. ஒரு மாத்திரையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டே ஜோக்கை முடிப்பார். அந்த இடத்தில் முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள், சிலர் பாதியில் நிறுத்தினார்கள். தெரியாத நடிகர் ஒருவரை வைத்து இதைச் செய்யவே முடியாது. வருஷக்கணக்காக அவரோடு பழகிய பழக்கம்தான் அந்த ஒரு நொடியில் திரும்பிக் குத்தியது. பெரிய நகரத்துக் குழு இதற்கு ஆசைப்பட்டாலும் கிடைக்காது.

அக்காவாக நடித்தவர் தையல் கடை வைத்திருப்பவர், புதிதாக மேடை ஏறுகிறவர். அவருக்குப் பிரச்சினை வேறு. திருவிழா நாடகத்தில் பழகியவர்கள் எல்லோரும் நெஞ்சைத் திறந்து வசனம் சொல்வார்கள். மேலே தொங்கும் மைக்குக்குக் கீழே வந்து நின்று, கூட்டத்தைப் பார்த்துப் பேசுவார்கள். தன்னையே சந்தேகப்படும் ஒருத்தி அப்படிப் பேசமாட்டாள். இவர் பேசும் விதம் சரியாக இருந்தது, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை.

மைக், பல்பு, காலண்டர்

இங்கேதான் வேலை அதிகம். மைக் செட் வாடகைக்குக் கொடுப்பவரிடம் குழாய் ஸ்பீக்கரைத் தென்னையில் கட்ட வேண்டாம் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருக்குக் கேக்காண்டாமா?" என்றார். ஊருக்குக் கேட்கக் கூடாது, பந்தலுக்குள் கேட்டால் போதும். அக்கா முணுமுணுப்பது மேடையிலிருந்து வராமல் தென்னை உச்சியிலிருந்து வந்தால் கதை அங்கேயே முடிந்தது. மேடைக்கு இரண்டு பக்கமும் பெட்டி ஸ்பீக்கர் மட்டும் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார். தொங்கும் மைக் இரண்டை அப்படியே விட்டுவிட்டு, மூன்றாவதை மேஜை மேல் இருந்த பூச்சாடிக்குள் ஒளித்துவைத்தோம். அக்காவின் மெல்லிய வசனம் எல்லாம் அந்த மேஜையைச் சுற்றியே வரும்படி நடமாட்டத்தை மாற்றினோம். காய் நறுக்க, மாத்திரை எண்ண, கணக்கு எழுத என்று மேஜைக்கு வர அவளுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும்.

பல்பு மங்குவது சுலபம் என்று நினைத்திருந்தார்கள். கடையில் இப்போது கிடைக்கும் எல்இடி பல்பு வோல்டேஜ் இறங்கினாலும் பெரும்பாலும் மங்காது, உள்ளிருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று ஈடுகட்டிவிடும். பழைய குண்டு பல்பு தேவை. குண்டு பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும், நிறமும் மஞ்சளிலிருந்து செம்மைக்கு இறங்கும். அந்தச் செம்மைதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. 100 வாட் பல்பு ஒன்றைத் தேடிப்பிடித்து, டிம்மர் சுவிட்சில் கோர்த்து, வீட்டு நடுவில் தொங்கவிட்டோம். போட்டுப் பார்த்தால் பல்பு மங்குவதே தெரியவில்லை. மைக் செட்காரரின் எல்இடி பார் விளக்குகள் மேடையை வெள்ளையடித்து வைத்திருந்தன. பார் விளக்கு இரண்டைத் தவிர மற்றதை அணைத்து, அந்த இரண்டையும் பல்போடு சேர்த்தே இறக்கினால்தான் அறை மங்குகிற மாதிரி இருந்தது. ஒருவர் கை டிம்மரில், இன்னொருவர் கை லைட் போர்டில், இரண்டு பேரும் ஒரே மூச்சில் இறக்க வேண்டும்.

வேகம் இன்னொரு தலைவலி. மிக மெதுவாக இறக்கினால் கண் பழகிவிடும், யாரும் கவனிக்கமாட்டார்கள். டக்கென்று இறக்கினால் கரண்டு போயிற்று என்று விசிலடிப்பார்கள், உடனே நூறு செல்போன் டார்ச் எரியும். ஐந்து எண்ணுவதற்குள் இறக்குவது என்று கடைசியில் நின்றது.

பந்தல் டியூப் லைட்டை அணைக்கக் கமிட்டி சம்மதிக்கவில்லை. பெண்களும் பிள்ளைகளும் இருக்கும் இடத்தில் இருட்டு வேண்டாம் என்றார்கள். நியாயம்தான். ஆகவே மங்குவதைக் கண் மட்டும் நம்பி விட முடியாது என்று டேபிள் ஃபேன் ஒன்றையும் சேர்த்தோம். அதன் எதிரே சுவரில் தினசரி காலண்டர். ஃபேன் ஓடும்வரை தாள் படபடக்கும். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் ஃபேன் தளரும், தாள் மெல்ல அடங்கிச் சுவரோடு ஒட்டும். அக்கா பல்பைப் பார்க்கமாட்டாள், காலண்டரைத்தான் பார்ப்பாள். கடைசி வரிசைக்கு இது தெரியாது என்று பயந்தேன். ஆனால் படபடப்பு பூச்சாடி மைக்கில் நன்றாக விழுந்தது, அது நின்றபோது பந்தலுக்கே கேட்டது. இதை யாரும் திட்டமிடவில்லை.

பின்னணி இசைக்குச் சினிமா பிஜிஎம் வேண்டாம் என்று ஆசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார். ஒற்றை உடுக்கை, அதுவும் மாத்திரை டப்பா திறக்கும்போதும் சாவி கிடைக்கும்போதும் மட்டும், ஒரே ஒரு தட்டு.

நேரமும் அனுமதியும்

ஒலி மாசு விதிகள், 2000இன்படி இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது. கலை நிகழ்ச்சி, திருவிழாக்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம். நம் ஆண்டுவிழாக்களில் வாழ்த்துரையும் பரிசளிப்பும் முடியவே பத்தாகிவிடும். நாடகத்துக்கு மிஞ்சுவது தூக்கக் கலக்கமும் அவசரமும். குடும்ப நாடகம் அதைத் தாங்கும், இது தாங்காது. பரிசளிப்பை முதல் நாளுக்கு மாற்றி, இரண்டாம் நாள் இருட்டியதும் நாடகம் என்று வாங்கியதற்கு ஆசிரியை பட்ட பாடு தனிக் கதை.

நாடகப் பிரதிக்குப் போலீஸ் அனுமதி வேண்டுமா என்று இன்றும் கேட்கிறார்கள். 1954ஆம் வருஷத்து தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை எதிர்த்து நாடகக்காரர் பரீக்‌ஷா ஞாநி தொடுத்த வழக்கில், அதன் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குவது வேறு விஷயம், அது வாங்கப்பட்டது.

மனநோய் என்கிற வார்த்தை விழும் இடம்

பிரதியைப் படித்துப்பார்த்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இரண்டு விஷயங்களில் கைவைத்தார். ஒன்று, எல்லாப் பாத்திரங்களும் 'பைத்தியம்' என்ற சொல்லைத் தாராளமாக உபயோகித்தன. அது தம்பியின் வாயில் மட்டும் வரட்டும் என்றார். சொல் ஒரே ஆளிடம் இருந்தபோது அது ஆயுதமாகத் தெரிந்தது. மற்றது சட்டம். "டாக்டர் சர்டிபிகேட் வாங்கினா உன் கையெழுத்தே செல்லாது" என்று தம்பி மிரட்டுவதாக ஒரு வசனம். 2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவருக்கு மனநோய் என்று கண்டறியப்பட்டதை மட்டும் வைத்து அவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ள முடியாது, தகுந்த நீதிமன்றம் அப்படி அறிவிக்க வேண்டும். மிரட்டலை அப்படியே விட்டுவிட்டு, அது பொய் மிரட்டல் என்று செவிலியர் பாத்திரம் சொல்வதாக மாற்றினார்கள். கூடப்பிறந்தவன் ஒரே வீட்டில் வைத்துச் செய்யும் இப்படிப்பட்ட வதை, 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் வரும். அதையும் வசனமாகச் சேர்த்தது அதிகப்படி. அந்த நீளமான வசனத்தின்போது பந்தலில் கடலைப் பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்டது.

ஒத்திகையில் இன்னொரு பழக்கத்தையும் அவரே கொண்டுவந்தார். அழுகிற சீன் முடிந்ததும் நடிகரை அவர் சொந்தப் பெயரால் கூப்பிட வேண்டும், அன்றைக்குக் கடையில் என்ன தைத்தாய், பிள்ளை சாப்பிட்டானா என்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தையல்காரம்மா ஆரம்பத்தில் ராத்திரி வீட்டில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாராம். இதற்குப் பிறகு அது நின்றது. நாடகம் முடிந்ததும் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416 மைக்கில் இரண்டு தடவை சொல்லப்பட்டது.

நடந்த இரவு

மூன்றாவது தடவை காலண்டர் அடங்கியபோது முன்னால் உட்கார்ந்திருந்த பையன் ஒருவன் எழுந்து, "அக்கா, கெணத்துல மோட்டாரு ஓடுது! அவனுக்க வேலையாக்கும்!" என்று கத்தினான். பந்தல் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் இன்னும் நாலைந்து குரல் அதையே சொன்னது, சிரிக்காமல். அக்கா கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருந்தாள். தையல்காரம்மா கூட்டத்தைப் பார்க்கவில்லை, வசனத்துக்கும் அவசரப்படவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். முன்வரிசைப் பாட்டி ஒருத்தி, "போடாதே பிள்ளே" என்றது பூச்சாடி மைக்கில் விழுந்து ஸ்பீக்கரில் வந்தது. முதல் பிரதிப்படி போட்டிருந்தால் இந்தக் குரல்கள் எதுவும் வந்திருக்காது. யார் என்று தெரியாதவனைக் காட்டி யாரும் எச்சரிக்க முடியாது அல்லவா?

அக்கா புதிரை அவிழ்க்கும் இடமும் எடுபட்டது. "ஒங்க வீட்டுல மங்கல்ல. எங்க வீட்டுல மட்டும்தான் மங்குது. அப்போ மோட்டாரு எங்க வயருலதானே ஓடணும்?" என்று செவிலியரிடம் மெதுவாகக் கேட்கும்போது, ஆண்கள் பக்கத்திலிருந்து எலெக்ட்ரீஷியன் ஒருவர், "கரெக்டு" என்று சத்தமாகச் சொன்னார்.

போலீஸ் வரும் கடைசி சீன் எடுபடவில்லை. அக்கா கண்டுபிடித்ததோடு கூட்டத்துக்குக் கதை முடிந்துவிட்டது. பாதிப் பேர் பாய் மடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விலங்கு மாட்டுவது, தம்பி மனைவி கதறுவது எல்லாம் நின்றுகொண்டு பார்க்கப்பட்டது. போலீஸ் சீனை எடுத்துவிட்டு, அக்கா கிணற்றடிக்குப் போக வாசலைத் தாண்டுவதோடு திரையை இழுக்கலாம் என்பது ஆசிரியையின் கட்சி. குற்றவாளிக்குத் தண்டனை காட்டாமல் ஊரில் நாடகம் போட முடியாது என்பது கமிட்டித் தலைவரின் கட்சி. கூட்டம் எழுந்து நின்றதைப் பார்த்த பிறகு எனக்கு ஆசிரியை பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

இப்போது குளச்சலுக்குத் தெற்கே கடற்கரை ஊர் ஒன்றில் திருவிழாவுக்கு இதைப் போடக் கேட்டிருக்கிறார்கள். அங்கே ஆட்டோக்காரரை யாருக்கும் தெரியாது. முதல் சீனின் சிரிப்பு சும்மா வராது, சம்பாதிக்க வேண்டும். அதற்குப் பதில் அந்த ஊர்க் காமெடி நடிகர் ஒருவரைத் தம்பியாகப் போட்டு, நம் ஆட்டோக்காரர் அவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. ஆட்டோக்காரருக்கு அதில் அவ்வளவு இஷ்டம் இல்லை. ரப்பர் தோட்டமும் கீழ்க்கோடிக் கிணறும் இல்லாத ஊரில் செயின் எங்கே விழுந்திருக்கும் என்பதும் இன்னும் முடிவாகவில்லை. கடற்காற்றில் காலண்டர் தாள் ஃபேன் இல்லாமலேயே படபடக்கும் என்பதால், நான் இப்போதைக்கு மூன்று பக்கமும் அடைத்த மேடை வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.